வீட்டுப் பாதுகாப்புக்கு துப்பாக்கி வாங்கப் போறீங்களா? அமெரிக்காவுக்குப் புதுசா வந்த நம்மாளுங்க முதல்ல இதைப் படிங்க

எங்க சப்டிவிஷன்ல தீபாவளி முடிஞ்ச வாரம் ரெண்டு வீட்டுல பின்கதவை உடைச்சு நகையை அள்ளிட்டுப் போயிட்டாங்க, ரெண்டும் நம்ம ஆளுங்க வீடு. அன்னைக்கு ராத்திரியே வாட்ஸப் குரூப்ல ஒரு தம்பி "அண்ணா எந்த கன் வாங்கலாம், க்ளாக்கா சிக்கா"ன்னு கேட்டான், விடியறதுக்குள்ள அறுபது பதில் வந்துருச்சு. எந்த மாடல், எந்தக் கடை, எங்க ஆஃபர் ஓடுதுன்னு எல்லாம் சொன்னாங்க, "தம்பி நீ எந்த விசால இருக்கே"ன்னு ஒருத்தர்கூட கேக்கல. அவன் எச்-1பி. அந்தப் பேச்சை நம்பிக் கடைக்குப் போயி ஒண்ணை வாங்கியிருந்தா, திருடன் வராமலேயே அவன் ஃபெடரல் கேஸ்ல மாட்டியிருப்பான். அதுக்குத்தான் இதை எழுதறேன்.

நான் வக்கீல் இல்ல. டெக்ஸாஸ்ல பல வருஷமா இருக்கேன், என்கிட்ட துப்பாக்கி இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நிறைய படிச்சேன், ரெண்டு வக்கீலுக்கு காசு குடுத்துக் கேட்டேன். பயம் நியாயமான பயம்தான், அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன். நகைக்காகவே இந்திய, ஆசியக் குடும்பங்களைத் தேடிப்பிடிச்சு பல ஸ்டேட்ல வீடு புகுந்து கொள்ளையடிச்ச ஒரு கும்பலோட தலைவிக்கு 2019ல 37 வருஷம் ஜெயில் குடுத்தாங்க. ஆனா துப்பாக்கி வாங்கினா அந்த பயம் போயி வேற ஒரு பொறுப்பு வந்து உக்காந்துக்கும், அது என்னன்னு தெரிஞ்சுட்டு வாங்குங்க.

படி 1: உங்க ஸ்டேட்டஸ் என்னன்னு பாருங்க

இதுதான் எல்லாத்துக்கும் முன்னாடி. சிட்டிசன், கிரீன் கார்டு, இவங்க ரெண்டு பேரும் ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கி வாங்கலாம் வச்சுக்கலாம். எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1, அப்பா அம்மா வர்ற பி-2, இவங்க எல்லாம் நான்-இமிக்ரண்ட் (தற்காலிக) விசா, இவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கறதே ஃபெடரல் குற்றம், 2022ல சட்டத்தை மாத்தினதுக்கு அப்புறம் 15 வருஷம் வரைக்கும் ஜெயில் குடுக்கலாம். வாங்கறது மட்டும் இல்ல, வச்சிருந்தாலே குற்றம்.

ஒரு விதிவிலக்கு இருக்கு, ஏதாவது ஒரு அமெரிக்க ஸ்டேட் குடுத்த செல்லுபடியாகுற ஹன்டிங் லைசென்ஸ் உங்ககிட்ட இருந்தா அந்தத் தடை பொருந்தாது. நம்மாளுங்க நிறைய பேரு இந்த வழியிலதான் வாங்கறாங்க, ஃபெடரல் சட்டப்படி அது சரிதான். ஆனா லைசென்ஸ் எக்ஸ்பைரி ஆன மறுநாள் உங்க அலமாரில இருக்கற துப்பாக்கி உங்களைக் குற்றவாளியாக்கிடும், ரினியூ பண்ண மறந்தா மன்னிப்பு எல்லாம் கிடையாது. இதோட உங்க ஸ்டேட் தனியா தடை போட்டிருக்கான்னும் பாக்கணும்.

ஷூட்டிங் ரேஞ்சுக்கு நண்பர்களோட போயி வாடகைக்கு எடுத்து நாலு ரவுண்டு சுடறது தப்பில்லன்னு நினைக்கிறாங்க. ரெஹைஃப்னு ஒரு வழக்கு இருக்கு, ஃப்ளோரிடாவுல ஸ்டூடண்ட் விசால வந்த பையன், படிப்புல சரியா தேறலன்னு யூனிவர்சிட்டி அவனை நீக்கிருச்சு, ஸ்டேட்டஸ் போச்சு, அதுக்கப்புறம் ஒரு ரேஞ்சுக்குப் போயி சுட்டான். 18 மாசம் ஜெயில் தண்டனை. 2019ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, தன்னோட ஸ்டேட்டஸ் அவனுக்குத் தெரிஞ்சிருந்ததுன்னு அரசு நிரூபிக்கணும்னு தீர்ப்பு வாங்கினான், அது சட்டத்துல பெரிய தீர்ப்பு, ஆனா நம்மள்ல யாருக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போக தெம்பு இருக்கு சொல்லுங்க.

கடையில ஃபார்ம் 4473 குடுப்பாங்க, துப்பாக்கி வாங்கறவங்க நிரப்பற ஃபெடரல் படிவம் அது. ஒவ்வொரு கேள்வியும் மெதுவா படிச்சு உண்மையை மட்டும் எழுதுங்க. அதுல கஞ்சா பத்தி ஒரு கேள்வி இருக்கும், உங்க ஸ்டேட்ல கடை வச்சே வித்தாலும் ஃபெடரல் சட்டத்துக்கு அது இன்னும் தடை செஞ்ச பொருள்தான்னு அந்த ஃபார்ம்லயே போட்டிருக்கும். இன்னொரு கேள்வி, இதை நீங்க உங்களுக்காகத்தான் வாங்கறீங்களான்னு. கிரீன் கார்டு வச்சிருக்கற நண்பன் எச்-1பி நண்பனுக்காக வாங்கிக் குடுக்கறது ஸ்ட்ரா பர்ச்சேஸ், அதாவது பினாமியா வாங்கறது, ரெண்டு பேருமே மாட்டுவாங்க. இங்க இன்னும் ஒரு விஷயம், துப்பாக்கி சம்பந்தப்பட்ட குற்றத்துல தண்டனை ஆனா கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தலாம்னு இமிக்ரேஷன் சட்டம் சொல்லுது, எத்தனை வருஷமா இருக்கீங்கன்னு பாக்காது.

படி 2: வீட்டுல வேற யாரு இருக்கா

இதை யாரும் யோசிக்கறதே இல்ல. கணவருக்கு கிரீன் கார்டு, மனைவி இன்னும் எச்-1பியில லைன்ல நிக்கிறாங்கன்னு வைங்க, இந்த மாதிரி குடும்பம் நம்மள்ல நிறைய. துப்பாக்கி கணவர் பேர்ல, பெட்ரூம் சேஃப்ல இருக்கு, சேஃப் நம்பர் மனைவிக்கும் தெரியும். சட்டத்துல கையில பிடிச்சாதான் வச்சிருக்கறதுன்னு அர்த்தம் இல்ல, எடுக்கற வசதியும் எண்ணமும் இருந்தா அதுவும் வச்சிருக்கறதுதான்னு வாதாடுவாங்க. அதனால நம்பர் உரியவருக்கு மட்டும் தெரியணும், கைரேகை வச்சுத் திறக்கற சேஃப்னா அவர் விரல் மட்டும் பதிஞ்சிருக்கணும். ஊர்லேந்து மச்சான் வந்திருக்கான், காட்டறேன்னு எடுத்து அவன் கையில குடுத்து போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போடறதை நான் கண்ணால பாத்திருக்கேன், தயவு செஞ்சு வேண்டாம்.

குழந்தை இருக்கற வீடுன்னா சேஃப் இல்லாம வாங்கவே வாங்காதீங்க. டெக்ஸாஸ் மாதிரி தளர்வான ஸ்டேட்லகூட லோட் பண்ணின துப்பாக்கியை அஜாக்கிரதையா வச்சு, அது 17 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தை கைக்குக் கிடைச்சுட்டா தனிக் குற்றம். மிஷிகன்ல ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்கூல்ல 2021ல பையன் சுட்டதுக்கு அவனோட அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் 2024ல ஆளுக்கு 10லேந்து 15 வருஷம் குடுத்தாங்க, பெத்தவங்களையே மேன்ஸ்லாட்டர்ல, அதாவது உயிர் போகக் காரணமா இருந்த குற்றத்துல தண்டிச்சாங்க. சட்டத்தை விடுங்க, எட்டு வயசுப் பையனுக்கு அப்பாவோட பெட்சைடு டேபிள்ல என்ன இருக்குன்னு தெரியாதுன்னா நினைக்கிறீங்க?

கணவன் மனைவி சண்டை முத்தி போலீஸ் வந்து, கோர்ட் புரொடெக்டிவ் ஆர்டர் (துணையை மிரட்டக் கூடாது, தொந்தரவு பண்ணக் கூடாதுங்கற உத்தரவு) போட்டாலோ, சின்ன டொமஸ்டிக் வயலன்ஸ் கேஸ்ல தண்டனை ஆனாலோ, துப்பாக்கி வச்சுக்கற உரிமை போச்சு. அதுக்கு மேல அதை வீட்டுல வச்சிருந்தா ஃபெடரல் குற்றம்.

படி 3: உங்க ஸ்டேட் சட்டம்

2008ல ஹெல்லர் வழக்குல சுப்ரீம் கோர்ட் வீட்டுல தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வச்சுக்கறது தனிமனுஷ உரிமைன்னு சொல்லிடுச்சு, 2010ல மெக்டொனால்ட் வழக்குல அது எல்லா ஸ்டேட்டுக்கும் பொருந்தும்னு ஆச்சு. அதுக்காக எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி கடைக்குப் போயி வாங்கிட்டு வந்துடலாம்னு இல்ல. டெக்ஸாஸ்ல பெர்மிட் ஒண்ணும் வேண்டாம். இல்லினாய்ல ஃபாய்டு கார்டு, அதாவது துப்பாக்கி வச்சுக்க ஸ்டேட் குடுக்கற ஐடி கார்டு வேணும். நியூஜெர்சில போலீஸ்கிட்ட ஐடி கார்டும், ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் பெர்மிட்டும் வாங்கணும். நியூயார்க்ல கைத்துப்பாக்கியை வீட்டுக்குள்ள வச்சுக்கவே லைசென்ஸ் வேணும். கலிஃபோர்னியால பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வாங்கி 10 நாள் காத்திருக்கணும்.

வேலை மாறி ஸ்டேட் மாறும்போதுதான் நம்மாளுங்க மாட்டறாங்க. டல்லாஸ்லேந்து நியூஜெர்சி எடிசனுக்கு யூஹால் வாடகை வண்டில சாமான் ஏத்தும்போது அதுல 15 தோட்டா பிடிக்கற மேகஸின் இருந்தா, நியூஜெர்சில அது சட்டவிரோதம், அங்க 10தான் உச்சவரம்பு. கிளம்பறதுக்கு முன்னாடி அந்த ஊர் சட்டத்தைப் பாத்துட்டுக் கிளம்புங்க.

ஊருக்குப் போறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போற பேக்கையும் சென்னைக்கு எடுத்துட்டுப் போற பேக்கையும் தனித்தனியா வைங்க. பேக்கோட ஓரத்துல ஒரே ஒரு தோட்டா மறந்து கிடந்தாலும் இந்திய ஏர்ப்போர்ட்ல ஆயுதச் சட்டம் 1959ல கேஸ் ஆகும், லீவுல வந்தவங்க கோர்ட் கோர்ட்டா அலைய வேண்டியதுதான்.

படி 4: எப்ப சுடலாம்னு சட்டம் சொல்லுது

எல்லா ஸ்டேட்லயும் அடிப்படை ஒண்ணுதான். உங்களுக்கோ வீட்டுல இருக்கறவங்களுக்கோ உயிர் போகிற, இல்லன்னா பலத்த காயம் ஆகிற ஆபத்து, இந்த நிமிஷம், நேருக்கு நேர் இருக்குன்னு நீங்க நம்பணும். அதோட அந்த இடத்துல இருந்தா புத்தியுள்ள எந்த மனுஷனும் அப்படித்தான் நம்பியிருப்பான்னு உங்களைத் தெரியாத பொதுஜனங்க உக்கார்ற ஜூரி ஒத்துக்கணும். நீங்க பயந்தது உண்மைன்னு மட்டும் சொன்னாப் பத்தாது, அந்த பயம் நியாயமா இருக்கணும், நம்மாளுங்க இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறாங்க.

காசில் டாக்ட்ரின்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க. உங்க வீட்டுக்குள்ள இருக்கும்போது தப்பிச்சு ஓட வழி இருந்தாலும் ஓடணும்னு கட்டாயம் இல்லங்கறதுதான் அதோட மையம், வெளியில விலகிப் போகணும்னு சொல்ற நியூயார்க், நியூஜெர்சிலகூட வீட்டுக்குள்ள பொதுவா அந்தக் கட்டாயம் இல்ல. ஃப்ளோரிடா, டெக்ஸாஸ், கலிஃபோர்னியா மாதிரி ஸ்டேட்ல இன்னும் ஒரு படி மேல, ஒருத்தன் பலவந்தமா கதவை உடைச்சு உள்ள வந்தா உங்க பயம் நியாயமானதுன்னு சட்டமே முதல்ல எடுத்துக்கும். ஆனா கலிஃபோர்னியா சட்டத்துல இருக்கற வார்த்தைகளைப் பாருங்க, சட்டவிரோதமா, பலவந்தமா, குடியிருக்கற வீட்டுக்குள்ள நுழையணும், நுழைஞ்சவன் அந்த வீட்டு ஆளா இருக்கக் கூடாது. கதவைத் தட்டறவன் நுழைஞ்சவன் இல்ல, உங்க புல்வெளில நிக்கறவனும் நுழைஞ்சவன் இல்ல. திருடிட்டு பின்கதவு வழியா ஓடறவனோட முதுகு உங்களுக்கு உயிராபத்து இல்ல.

டெக்ஸாஸ்ல ராத்திரி திருட்டைத் தடுக்க, பொருளைக் காப்பாத்த வேற வழியே இல்லன்னா உயிர்போகிற பலத்தைக்கூடப் பயன்படுத்தலாம்னு ஒரு பிரிவு இருக்கு, அது நிஜம். 2007ல பாஸடீனாங்கற ஊர்ல ஒருத்தர் பக்கத்து வீட்டுல திருடின ரெண்டு பேரை, 911 ஆபரேட்டர் வெளில போகாதீங்க போகாதீங்கன்னு சொல்லச்சொல்ல வெளில போயி சுட்டாரு, ரெண்டு பேரும் செத்துட்டாங்க, 2008ல கிராண்ட் ஜூரி, அதாவது கேஸ் போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற பொதுஜனக் குழு, அவர் மேல கேஸ் வேண்டாம்னு சொல்லிருச்சு. அதைச் சொல்லித்தான் எல்லாரும் மார்தட்டறாங்க. ஒரு மாவட்டத்துல ஒரு கிராண்ட் ஜூரி ஒரு தடவை எடுத்த முடிவு அது. அதை நம்பி உங்க குடும்பத்தைப் பணயம் வைக்காதீங்க, டிவிக்கும் லேப்டாப்புக்கும் ஏன் நகைக்கும்கூட இன்ஷூரன்ஸ் எடுக்கலாம், அதுக்காக ஒரு உயிரை எடுத்துட்டு மீதி வாழ்க்கையை எப்படி ஓட்டுவீங்க.

படி 5: கதவுக்கு உங்க பக்கமே இருங்க

இதைத்தான் நான் விரிவா சொல்லணும்னு நினைச்சேன், நான் படிச்ச வழக்குகள்ல நல்ல மனுஷங்க கொலைகாரங்களா ஆனது முக்கால்வாசி இந்த இடத்துலதான்.

1992 அக்டோபர், லூசியானாவுல பேட்டன் ரூஜ். யோஷிஹிரோ ஹட்டோரின்னு 16 வயசு ஜப்பான் பையன், எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடண்ட், ஹாலோவீன் பார்ட்டிக்குப் போறவன் வீடு மாறி வேற வீட்டு மணியை அடிச்சுட்டான். அந்த வீட்டம்மா கதவைத் திறந்து பாத்து பயந்து சாத்திட்டு கணவரை துப்பாக்கி எடுக்கச் சொன்னாங்க. பையனும் கூட வந்தவனும் திரும்பிப் போக ஆரம்பிச்சுட்டாங்க. அந்த நேரத்துல அவர் துப்பாக்கியோட கதவைத் திறந்தாரு. "ஃப்ரீஸ்"னு கத்தினாரு, பையன் அது புரியாம பார்ட்டிக்குத்தான் வந்தேன்னு சொல்லிட்டே கிட்ட வந்தான், சுட்டுட்டாரு. 1993ல ஜூரி அவரை விடுதலை பண்ணிருச்சு, ஆனா 1994ல சிவில் கோர்ட் ஆறரை லட்சம் டாலர் குடுக்கச் சொல்லிச்சு, இன்ஷூரன்ஸ் ஒரு லட்சம்தான் கட்டுச்சு. கதவைச் சாத்தினதோட நின்னிருந்தா அந்தப் பையன் இன்னைக்கு நடுத்தர வயசு மனுஷனா இருந்திருப்பான்.

2013 நவம்பர், மிஷிகன், டியர்போர்ன் ஹைட்ஸ். கார் ஆக்ஸிடெண்ட் ஆன 19 வயசுப் பொண்ணு விடியறதுக்கு முன்னாடி ஒரு வீட்டுக் கதவைத் தட்டிச்சு. வீட்டுக்காரர் உள்கதவைத் திறந்து, பூட்டியிருந்த ஸ்கிரீன் டோர் வழியாவே ஷாட்கன்ல சுட்டாரு. பயந்துட்டேன்னு சொன்னாரு, பயந்திருப்பாரு, நான் நம்பறேன். ஜூரி செகண்ட் டிகிரி மர்டர்னு சொல்லிச்சு, குறைஞ்சது 17 வருஷம்.

2023 ஏப்ரல்ல ஒரே வாரத்துல ரெண்டு. கான்சாஸ் சிட்டியில 115வது டெரஸ்க்குப் போக வேண்டிய 16 வயசுப் பையன் 115வது ஸ்ட்ரீட்டுக்குப் போயி மணி அடிச்சான், தம்பிகளைக் கூட்டிட்டு வர வந்தவன், 84 வயசுப் பெரியவர் சுட்டாரு, தலையில குண்டு பட்டும் பையன் பொழைச்சுட்டான். ரெண்டு நாள் கழிச்சு நியூயார்க் ஸ்டேட்ல ஹீப்ரன்ல வழி தவறி டிரைவ்வேயில நுழைஞ்சு திரும்பிப் போயிட்டிருந்த காரை வீட்டுக்காரர் சுட்டாரு, உள்ள இருந்த 20 வயசுப் பொண்ணு செத்துப் போச்சு, அவருக்கு 25 வருஷத்துலேந்து ஆயுள் வரைக்கும்.

இதையெல்லாம் படிச்சப்ப எனக்கு வெறும் செய்தியாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு டிசம்பர் மாசம், விடியக்காலை அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி, எங்க வீட்டு முன்கதவுக் கைப்பிடியை யாரோ போட்டு ஆட்டறாங்க. ஆட்டிட்டு நிறுத்தறாங்க, மறுபடி ஆட்டறாங்க, சாவித் துவாரத்துல ஏதோ உரசற சத்தம். மனைவி பையனைத் தூக்கிட்டு பெட்ரூம் குளியலறைக்குள்ள போயி 911 போட்டாங்க, நான் சேஃபைத் திறந்து எடுத்துட்டு மாடிப்படி மேல நிக்கிறேன், உள்ளங்கை பூரா வேர்வை. இறங்கிப் போயி கதவைத் திறந்து யாருடான்னு கேக்கணும்னு உடம்பு துடிக்குது, அதை இப்ப நினைச்சாலும் எனக்கு நடுங்கும். போன்ல டோர்பெல் கேமராவைத் திறந்தேன். மங்கி குல்லா, தோள்ல சால்வை, கையில சின்ன டார்ச், வயசானவரு. பக்கத்துத் தெருவுல இருக்கற தெலுங்குக்கார நண்பரோட அப்பா, ஊர்லேந்து வந்து நாலே நாள் ஆகுது, தூக்கம் வராம வாக்கிங் கிளம்பியிருக்காரு, இங்க எல்லா வீடும் ஒரே செங்கல் ஒரே கதவு, வீடு மாறிட்டாரு, சாவி ஏன் போக மாட்டேங்குதுன்னு தவிச்சிட்டு நின்னிருக்காரு. அவருக்கு இங்கிலீஷ் வராது. நான் கதவைத் திறந்து "ஃப்ரீஸ்"னு கத்தியிருந்தா அவரும் கையில டார்ச்சோட என்னை நோக்கித்தான் வந்திருப்பாரு.

அதனால இதை வீட்டுல எல்லாரும் உக்காந்து பேசி வைங்க. சத்தம் கேட்டா எல்லாரும் ஒரே ரூமுக்குப் போகணும், கதவைப் பூட்டணும், போன் கையில இருக்கணும். துப்பாக்கி இருந்தாலும் அந்த ரூம் கதவைப் பாத்து நிக்கணுமே தவிர வீடு பூரா தேடிட்டுப் போகக் கூடாது. உள்ள இருந்தே சத்தமா சொல்லுங்க, போலீஸுக்குப் போன் பண்ணியாச்சு, துப்பாக்கி இருக்குன்னு. அதையும் தாண்டி அந்தக் கதவை உடைச்சுட்டு ஒருத்தன் வந்தா, அந்த நிலைமையை எந்த ஜூரியும் புரிஞ்சுக்கும். உங்க பசங்களுக்கும் சொல்லி வைங்க, நண்பன் வீட்டுக்குப் போகும்போது அட்ரஸை ரெண்டு தடவை பாக்கச் சொல்லி, அவங்க கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கற ஆளு.

வாசக்கதவுக்கு இருபது டாலர் செலவு பண்ணுங்க. நிலையில பூட்டு விழற தகட்டுல பெரும்பாலும் முக்கால் இஞ்ச் ஸ்க்ரூதான் போட்டிருப்பான் பில்டர், அதைக் கழட்டி மூணு இஞ்ச் ஸ்க்ரூ போட்டா உள்ள இருக்கற கட்டை வரைக்கும் பிடிக்கும், ஒரே உதைல திறக்காது. அந்த ஒரு நிமிஷம் கிடைச்சாலே நீங்க சுட வேண்டிய நிலைமை வராம போகலாம்.

படி 6: கண்டிப்பா பண்ணக் கூடாதது

பொறி வைக்காதீங்க. அயோவால ஆளில்லாத பழைய வீட்டுல திருட்டு நடந்துட்டே இருக்குன்னு ஒரு தம்பதி பெட்ரூம் கதவுல கம்பி கட்டி ஷாட்கன் வச்சாங்க, திருட வந்தவனுக்குக் கால்ல பலத்த காயம், அவன் கேஸ் போட்டான், 1971ல அயோவா சுப்ரீம் கோர்ட் அவனுக்கு 30,000 டாலர் குடுத்தது சரின்னு சொல்லிச்சு. ஆளில்லாத வீட்டுப் பொருளைக் காப்பாத்த உயிரை எடுக்கற பொறி வைக்க உரிமை இல்ல.

வரவழைச்சு அடிக்காதீங்க. மொன்டானால மிசூலாங்கற ஊர்ல 2014ல கராஜ் கதவைப் பாதி திறந்து வச்சு, பர்ஸ் ஒண்ணை உள்ள வச்சு, சென்சார் மாட்டிக் காத்திருந்த ஒருத்தர், உள்ள வந்த 17 வயசு ஜெர்மன் பையனைச் சுட்டாரு, 70 வருஷம். மின்னசோட்டால லிட்டில் ஃபால்ஸ்ல 2012ல ஒரு பெரியவர், வீட்டுல பல தடவை திருட்டு போயி நொந்து போனவர், யாரும் இல்லன்னு தெரியற மாதிரி வண்டியை வேற இடத்துல நிறுத்திட்டு பேஸ்மெண்ட்ல காத்திருந்தாரு. ஜன்னலை உடைச்சுட்டு நிஜமாவே திருடத்தான் ரெண்டு பேரு வந்தாங்க, ஒரு பையன் ஒரு பொண்ணு. முதல் தடவை சுட்டதோட நிக்காம விழுந்தவங்களை மறுபடி சுட்டாரு, எல்லாம் அவரே வச்ச ரெக்கார்டர்ல பதிவாயிடுச்சு, மறுநாள் வரைக்கும் போலீஸுக்கு சொல்லல. ஆயுள், பரோல் கிடையாது. ஆபத்து நின்ன நொடியில உங்க உரிமையும் நின்னுடுது, அந்த ரெக்கார்டிங்கை ஜூரி கேட்டப்ப அவர் எத்தனை தடவை திருட்டுக் குடுத்தாருங்கறது எதுக்கும் உதவல.

வார்னிங் ஷாட் சுடாதீங்க. ஃப்ளோரிடாவுல 2010ல தன்னை அடிக்கற கணவனை மிரட்ட ஒரு பொண்ணு சுவத்தைப் பாத்து சுட்டாங்க, யாருக்கும் அடி படல, 2012ல 20 வருஷம் குடுத்தாங்க. அப்பீல்ல அது ரத்தாகி பேரம் பேசி வெளில வர மூணு வருஷம் உள்ள இருக்க வேண்டியதாச்சு. அப்புறம் அந்த ஸ்டேட் சட்டத்தையே மாத்தினாங்க, ஆனா மத்த ஸ்டேட்ல சுட்டா சுட்டதுதான், சுடற அளவுக்கு ஆபத்து இல்லன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி அரசு வக்கீல் பேசுவாரு.

அப்பார்ட்மெண்ட்ல இருக்கறவங்க சுவத்தை நினைச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் அரை இஞ்ச் ஷீட்ராக் (ஜிப்சம் பலகை), நடுவுல காத்து. கைத்துப்பாக்கி குண்டு அதைத் துளைச்சுட்டு பக்கத்து வீட்டுத் தொட்டில் வரைக்கும் போகும். திருடனைச் சுட்டது சரின்னே ஆனாலும், பக்கத்து வீட்டு ஆளுக்குப் பட்டதுக்கு தனிக் கேஸ் வரலாம்.

படி 7: பணம்

கிரிமினல் கேஸ்ல ஜெயிச்சாலும் சிவில் கேஸ் தனி. டெக்ஸாஸ், ஃப்ளோரிடா மாதிரி சில ஸ்டேட்ல நியாயமான தற்காப்புன்னா சிவில்லயும் பாதுகாப்பு உண்டு, எல்லா ஸ்டேட்லயும் இல்ல. ஹோம் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து வேணும்னே செஞ்ச செயல் பத்தி என்ன போட்டிருக்குன்னு படிங்க, பெரும்பாலும் கவர் ஆகாதுன்னுதான் இருக்கும். தற்காப்புக்குன்னே மெம்பர்ஷிப் விக்கறாங்க, அதுல தண்டனை ஆனா காசைத் திருப்பிக் கேப்பாங்களா, வக்கீலை நீங்களே தேர்ந்தெடுக்கலாமா, இந்த ரெண்டைக் கேக்காம சேராதீங்க.

படி 8: நடக்கக் கூடாதது நடந்துட்டா

911க்கு முதல் போன் உங்களோடதா இருக்கணும். அட்ரஸ், வீட்டுக்குள்ள ஒருத்தன் புகுந்தான், சுட வேண்டியதாச்சு, ஆம்புலன்ஸ் வேணும், நான் இன்ன டிரெஸ் போட்டிருக்கேன், இவ்வளவு போதும். அந்த போன் ரெக்கார்ட் ஆகும், பின்னாடி கோர்ட்ல போட்டுக் காட்டுவாங்க, கோவத்துல ஒரு வார்த்தை விட்டா அதுதான் நிக்கும். போலீஸ் வர்றதுக்குள்ள துப்பாக்கியைக் கீழ வச்சிருங்க, வர்றவங்களுக்கு நீங்க வீட்டுக்காரர்னு நெத்தில எழுதி ஒட்டியிருக்காது, கையில துப்பாக்கியோட நிக்கற ஒரு ஆளு அவ்வளவுதான். எதையும் நகர்த்தாதீங்க, துடைக்காதீங்க, கத்தி எடுத்து அவன் கையில வைக்கற யோசனையெல்லாம் யாராவது போன்ல சொன்னா கட் பண்ணுங்க.

உங்க மேல கை விலங்கு மாட்டுவாங்க, தப்பா நினைக்காதீங்க. மரியாதையா, தெளிவா, வாய்விட்டு சொல்லணும், "நான் முழுசா ஒத்துழைப்பேன், ஆனா என் வக்கீல் இல்லாம பேச மாட்டேன்"னு. சும்மா வாயை மூடிட்டு இருந்தா அந்த உரிமையைக் கேட்டதா ஆகாதுன்னு 2010ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, சொல்லித்தான் ஆகணும். நம்ம வழக்கம் போலீஸ் கேட்டா எல்லாத்தையும் கொட்டிடறது, நாம தப்பு பண்ணலையே எதுக்குப் பயப்படணும்னு. அந்த நேரத்துல உடம்பு பூரா நடுக்கத்துல இருக்கும், எத்தனை தடவை சுட்டேன், எவ்வளவு தூரம்னு எல்லாம் தப்பா ஞாபகம் வரும், அந்தத் தப்பு பின்னாடி பொய்யா மாறிடும்.

சிட்டிசன் இல்லன்னா இன்னும் ரெண்டு. கைதானா இந்தியன் கான்ஸுலேட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேக்கற உரிமை வியன்னா ஒப்பந்தப்படி உங்களுக்கு இருக்கு, கேளுங்க. கேஸை சீக்கிரம் முடிக்கலாம், சின்னதா ஒண்ணை ஒத்துக்கோங்கன்னு பேரம் வந்தா, அதனால நாடு கடத்துவாங்களான்னு எழுத்துல கேட்டு வாங்காம கையெழுத்துப் போடாதீங்க. 2010ல படீயா வழக்குக்கு அப்புறம் அதைச் சொல்ல வேண்டியது கிரிமினல் வக்கீலோட கடமை, இருந்தாலும் தனியா ஒரு இமிக்ரேஷன் வக்கீலையும் பாருங்க. ஜெயில் இல்லாம புரொபேஷன்ல முடியற பேரம்கூட கிரீன் கார்டைக் காலி பண்ணிடலாம்.

கேஸே போடாம விட்டுட்டாலும் வேலை முடியல. பின்னாடி சிட்டிசன்ஷிப்புக்கு என்-400 போடும்போது எப்பவாவது கைதாகியிருக்கீங்களான்னு கேப்பாங்க, விடுதலை ஆனதும் கேஸ் போடாததும்கூட அதுல சொல்லியாகணும். கோர்ட் கிளார்க்கிட்ட போயி கேஸ் எப்படி முடிஞ்சதுன்னு சீல் வச்ச சர்டிஃபைட் காப்பி ரெண்டு வாங்கி, கேஸே இல்லன்னா இல்லன்னு அரசு வக்கீல் ஆபீஸ்லேந்து லெட்டர் வாங்கி, பாஸ்போர்ட் வைக்கிற ஃபைல்லயே போட்டு வைங்க.